சென்ற கோடை முடிவு செய்த தும்மல்

2004 ஜூலை 20 அன்று டோக்கியோவில் வெப்பம் 39.5 டிகிரி செல்சியஸைத் தொட்டது. நகரம் அதுவரை பதிவு செய்திராத சூடு. அதற்கு முந்தைய கோடை நேர் எதிராக இருந்தது. 2003இல் வடகிழக்கு ஜப்பானில் நெற்கதிர் மணி பிடிக்காமல் போகும் அளவுக்குக் குளிர் நீடித்தது. இரண்டு கோடைகளின் விளைவும் அடுத்தடுத்த வசந்தங்களில் தெரிந்தது. குளிர்ந்த கோடைக்குப் பின் வந்த 2004 வசந்தத்தில் மரங்களிலிருந்து பறந்த மகரந்தம் சொற்பம். கொளுத்திய கோடைக்குப் பின் வந்த 2005 வசந்தத்தில் அது மலைச்சரிவுகளிலிருந்து மஞ்சள் புகையாக எழுந்தது. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, மாஸ்க் அணிந்து அலுவலகம் போன இலட்சக்கணக்கானோரின் துன்பம் பல மாதங்களுக்கு முன்பே, அவர்கள் வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்த நாட்களிலேயே, மரக்கிளைகளில் உருவாகிவிட்டிருந்தது.

மரங்களின் மகரந்தத்தால் வரும் பருவகால ஒவ்வாமையில் வானிலைக்கு என்ன பங்கு என்ற கேள்வி எளிமையாகத் தோன்றும். காற்று வீசினால் அதிகம், மழை பெய்தால் குறைவு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம் போல இருக்கும். அந்த ஒரு வரி போதாது. சென்ற கோடை, கடந்த குளிர்காலம், இன்றைய காலை, இந்த மாலையின் இடிமழை என்று வானிலை வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. ஒன்று அளவை முடிவு செய்கிறது, ஒன்று தேதியை, ஒன்று தூரத்தை, ஒன்று துகளின் உருவத்தையே. இவை அனைத்தும் சேர்ந்தாலும் ஒரு நாட்டில் எத்தனை பேர் நோயாளிகளாவார்கள் என்பதற்கு முழு விடை கிடைப்பதில்லை. அந்த விடையின் பெரும்பகுதி மனிதர் நட்ட மரங்களில் இருக்கிறது என்பதே என் கருத்து. வானிலையை மட்டும் குற்றம் சொல்லும் பழக்கம் இந்தத் துறை தொடங்கிய நாளிலிருந்தே நம்மோடு வருகிறது.

1819இல் இலண்டன் மருத்துவர் ஜான் போஸ்டாக், ஆண்டுதோறும் கோடையில் தம்மைத் தாக்கிய தும்மலையும் கண் எரிச்சலையும் மருத்துவச் சங்கம் ஒன்றின் முன் விவரித்தார். நவீன மருத்துவத்தில் இந்த நோயின் தெளிவான முதல் சித்திரம் அது. காய்ந்த புல்லின் மணம்தான் காரணம் என்று மக்கள் பேசிக்கொண்டதை அவர் ஏற்கவில்லை. கோடை வெப்பமும் வெயிலுமே காரணம் என்று நினைத்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி அதைச் சோதித்துப் பார்த்தார். அவருக்கும் இதே நோய் இருந்தது. மகரந்தத்தைத் தம் தோலிலும் மூக்கிலும் இட்டுப் பார்த்தார். பசை பூசிய கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டி உயரே அனுப்பி, தரைக்கு வெகு மேலேயும் மகரந்தம் மிதப்பதைக் கண்டார். 1873இல் வெளியான அவருடைய நூல், வெயில் நோயைத் தருவதில்லை, நோயைத் தரும் பொருளை வெயில் விளைவிக்கிறது என்பதை நிலைநாட்டியது. வானிலையையும் நோயையும் நடுவிலிருந்து இணைப்பது செடியும் மரமும்தான் என்று முதலில் காட்டியவர் அவர். அலர்ஜி என்ற சொல்லை வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906இல்தான் உருவாக்கினார். இந்த எதிர்வினைக்குப் பொறுப்பான ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புப் புரதத்தை 1960களில் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும் ஒருபுறமும், ஸ்வீடன் ஆய்வாளர்கள் மறுபுறமும் கண்டறிந்தார்கள்.

இந்தக் கேள்வியை ஆராய ஜப்பானைவிடப் பொருத்தமான நாடு இல்லை. அங்கே ஒரே மரம், ஒரே பருவம், நீண்ட காலக் கணக்கெடுப்பு மூன்றும் அமைந்திருக்கின்றன. மரத்தின் பெயர் சுகி. ஜப்பானிய செடார் என்று ஆங்கிலேயர் அழைக்கும், நெடுநெடுவென்று வளரும் ஊசியிலை மரம். டோக்கியோவுக்கு வடக்கே நிக்கோ என்ற கோயில் நகருக்குச் செல்லும் சாலைகளின் இருமருங்கிலும் 17ஆம் நூற்றாண்டில் நடப்பட்ட சுகிகள் இன்றும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. சுகி மகரந்த ஒவ்வாமை முதன்முதலில் மருத்துவ இதழில் பதிவானதும் அதே நிக்கோவில்தான், 1964இல். மரங்களோ அப்போதே முந்நூறு வயதைத் தாண்டியவை. முந்நூறு ஆண்டுகளாக வராத நோய் அப்போது ஏன் வந்தது?

விடையின் ஒரு பகுதி போருக்குப் பின் நடந்த மரம் நடுதலில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரிலும் அதன் பின்னும் மலைகள் மொட்டையாகியிருந்தன. வீடு கட்ட மரம் வேண்டும், வெள்ளத்தையும் மண்சரிவையும் தடுக்கக் காடு வேண்டும். 1950களிலும் 60களிலும் அரசு வேகமாக வளரும் சுகியையும் ஹினோகி எனும் சைப்ரஸ் வகையையும் மலைமலையாக நட்டது. சுகித் தோட்டங்கள் மட்டும் 40 இலட்சம் ஹெக்டேரைத் தாண்டின. 1964இல் மர இறக்குமதி தடையின்றித் திறந்துவிடப்பட்டது. மலிவான வெளிநாட்டு மரத்தோடு போட்டியிட முடியாமல் உள்நாட்டுத் தோட்டங்கள் வெட்டப்படாமலே நின்றன. சுகி ஏறத்தாழ முப்பது வயதில்தான் ஆண்பூக்களை ஏராளமாகப் பூக்கத் தொடங்கும். ஆகவே 1980கள் முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் மகரந்தம் பெருகியது. காது மூக்குத் தொண்டை மருத்துவர்களிடமும் அவர்களின் குடும்பத்தாரிடமும் நடத்தப்பட்ட நாடளாவிய கணக்கெடுப்புகளில் சுகி ஒவ்வாமை உள்ளவர்கள் 1998இல் 16.2 சதவீதம், 2008இல் 26.5, 2019இல் 38.8. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஆறில் ஒருவர் என்பது ஐந்தில் இருவர் என்று ஆயிற்று.

நிக்கோ பகுதியிலேயே நடந்த ஓர் ஆய்வு 1987இல் வெளியானது. போக்குவரத்து மிகுந்த சுகிச் சாலையோரம் வாழ்ந்தவர்களிடம் இந்த நோய், வண்டிகள் குறைவாக ஓடும் சுகிக் காட்டருகே வாழ்ந்தவர்களிடம் இருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாகக் காணப்பட்டது. மகரந்தம் இரு இடத்திலும் கொட்டியது. புகை ஓரிடத்தில் மட்டும். டீசல் புகைத் துகள்கள் உடலின் ஒவ்வாமை எதிர்வினையைத் தூண்டிவிடுகின்றன என்பதற்கு விலங்குச் சோதனைகளிலும் சான்று இருக்கிறது. முந்நூறு ஆண்டுப் புதிரின் இன்னொரு பகுதி இது.

இந்த மரத்தின் மீது வானிலை செய்யும் வேலைகளில் முதலாவது கோடையில் நடக்கிறது. சுகியின் ஆண்பூ அரும்புகள் ஜூலை தொடங்கி உருவாகின்றன, நம் கணக்கில் ஆனி கடைசியும் ஆடியும். அந்த வாரங்களில் வெயிலும் வெப்பமும் மிகுந்து மழை குறைந்தால் அரும்புகள் ஏராளம். மேகம் மூடி, குளிர்ந்து, மழை நீண்டால் அவை குறையும். இலையுதிர்காலம் முடிவதற்குள் அரும்புக்குள் மகரந்தம் உருவாகி முடிந்துவிடும். அதனால் நவம்பரிலேயே ஆய்வாளர்கள் காட்டுக்குப் போய்க் கிளைகளில் ஆண்பூக்களின் அடர்த்தியைப் பார்த்து அடுத்த வசந்தம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறார்கள். வானிலை முன்னறிவிப்பில் இத்தனை மாதங்களுக்கு முன்பே உறுதியோடு பேச இடம் தரும் விஷயங்கள் மிகச் சில. மரத்தின் சொந்தக் கணக்கும் இதில் உண்டு. ஓர் ஆண்டு மிதமிஞ்சிப் பூத்த மரம் சேமிப்பை இழந்து அடுத்த ஆண்டு அடங்கும். நம் மாமரம் ஓராண்டு காய்த்துக் குலுங்கி மறு ஆண்டு ஓய்வெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வட ஐரோப்பாவின் முக்கிய ஒவ்வாமை மரமான பிர்ச்சும் இப்படித்தான் ஏறி இறங்குகிறது. அதன் பூச்சரங்களும் முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகின்றன. ஆகவே ஒரே ஓர் ஆண்டின் எண்ணிக்கையை வைத்துப் பருவநிலை மாற்றத்தை நிரூபிக்கவோ மறுக்கவோ முனைபவர்களை நம்ப வேண்டாம்.

இரண்டாவது வேலை குளிர்காலத்தில். முதிர்ந்த ஆண்பூ உறக்கத்தில் இருக்கும். அந்த உறக்கம் கலைய முதலில் போதிய குளிர் வேண்டும், பிறகு வெம்மை வேண்டும். ஜனவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பத்தையும் கூட்டிக்கொண்டே வந்து, கூட்டுத்தொகை 400 டிகிரியை நெருங்கும்போது மகரந்தம் பறக்கத் தொடங்கும் என்பது அங்கே நெடுங்காலமாகப் பயன்படும் கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டர் கண்ணாடித் தகட்டில் ஒரு துகளாவது தொடர்ந்து இரண்டு நாள் விழுந்தால் முதல் நாளையே பருவத்தின் தொடக்கமாகக் குறிக்கிறார்கள். இளஞ்சூடான ஜனவரி பருவத்தை முன்னே இழுக்கும். ஆனால் குளிர்காலம் அளவுக்கு மீறி மிதமானால் உறக்கமே சரியாகக் கலையாது, பூப்பது தாமதமாகவும் கூடும். வெப்பம் கூடக்கூடப் பருவம் முன்னே வரும் என்ற நேர்கோட்டுக் கணக்கு எல்லா இடத்துக்கும் எல்லா மரத்துக்கும் பொருந்தாததற்கு இது ஒரு காரணம்.

குளிர்காலமே மகரந்தப் பருவமான இடங்களும் உண்டு. டெக்சாஸின் மையப் பகுதிக் குன்றுகளில் மலை செடார் என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் ஜூனிபர் மரம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூக்கிறது. வடக்கிலிருந்து வறண்ட குளிர்காற்று இறங்கும் நாளில் ஆண்கூம்புகள் ஒரே நேரத்தில் வெடித்துத் திறக்கும். குன்றுகளின் மேல் எழும் மகரந்த மேகத்தைப் புகை என்று எண்ணித் தீயணைப்புத் துறைக்கு மக்கள் தொலைபேசுவது அங்கே வழக்கமான செய்தி. ஆஸ்டினிலும் சான் அன்டோனியோவிலும் குடியேறும் தமிழர்கள் சில ஆண்டுகள் கழித்து, காய்ச்சலே இல்லாத இந்த ‘செடார் காய்ச்சலுக்கு’ ஆளாவதுண்டு. உடல் ஒரு புதிய மகரந்தத்தை எதிரியாக அடையாளம் காணச் சில பருவங்கள் பிடிக்கும். வந்த முதல் ஆண்டு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து நமக்கு வராது என்று முடிவு செய்யக் கூடாது.

மூன்றாவது வேலை அன்றன்றைக்கு நடப்பது. இதைப் பற்றித்தான் பொதுவாகப் பேசுகிறோம். மகரந்தப்பை உலர்ந்தால்தான் வாய் திறக்கும். ஈரக்காற்றில் அது மூடிக்கொண்டிருக்கும். மழை, பறப்பதையும் தடுக்கும், பறந்ததையும் கழுவும். ஆகவே மழைநாள் நிம்மதியான நாள். ஆபத்தான நாள் மறுநாள். மழை ஓய்ந்து வெயில் அடித்துக் காற்றும் வெதுவெதுப்பாக வீசும் அந்த நாளில் முந்தைய நாள் அடைபட்டுக் கிடந்ததும் அன்றையதும் ஒன்றாகக் கிளம்பும். சுகி மகரந்தத் துகளின் விட்டம் ஏறத்தாழ 30 மைக்ரான். இத்தனை இலேசான துகளைக் காற்று பல பத்துக் கிலோமீட்டர்களுக்குச் சுமந்து போகும், நூறைத் தாண்டுவதும் உண்டு. டோக்கியோவின் மையத்தில் சுகிக் காடு இல்லை. மேற்கேயும் வடக்கேயும் இருக்கும் மலைகளில் காலையில் வெடித்த மகரந்தம் நண்பகலில் நகரத்தை அடைகிறது. மேலே எழுந்தது மாலையில் காற்று குளிர்ந்ததும் கீழே இறங்குகிறது. தார்ச்சாலையிலும் கான்கிரீட்டிலும் விழுந்தது வண்டிகளின் வேகத்தில் மீண்டும் கிளம்புகிறது. அதனால் நகரவாசிக்கு ஒரு நாளில் இரண்டு முறை துன்பம்: மதியம் ஒன்று, பொழுது சாய்ந்த பின் ஒன்று. மண்ணும் புல்லும் துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தாரும் சிமென்டும் திருப்பித் தந்துவிடும். மரமே இல்லாத நகரம் மகரந்தத்திலிருந்து தப்பிவிடும் என்ற எண்ணம் இங்கே உடைகிறது.

நோயாளியின் உடலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் கணிசமான மகரந்தத்துக்குத்தான் மூக்கு எதிர்வினை காட்டும். நாள்தோறும் பட்டுப் பட்டு மூக்கின் உட்சவ்வு வீங்கிய பின் சிறிய அளவே போதும். ஆகவே பருவ முடிவில் எண்ணிக்கை இறங்கினாலும் தும்மல் இறங்குவதில்லை. நோயாளி மிகைப்படுத்துவதாக வீட்டார் நினைக்கும் நாட்கள் இவை; அவர் மிகைப்படுத்தவில்லை. முன்னறிவிப்பில் ‘குறைவு’ என்று போட்டிருந்தாலும் மருந்தை நிறுத்தக் கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதும், பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பே மருந்தைத் தொடங்கச் சொல்வதும் இதனால்தான். நோயின் வேரையே தணிக்கும் சிகிச்சை, மகரந்தச் சாரத்தை நாக்கின் அடியில் சிறு அளவுகளில் ஆண்டுக்கணக்கில் வைத்து உடலைப் பழக்குவது. சுகிக்கு இது 2014 முதல் ஜப்பானின் மருத்துவக் காப்பீட்டில் கிடைக்கிறது.

நான்காவது வேலை அரிதானது, ஆனால் உயிரை எடுப்பது. முழு மகரந்தத் துகள் பெரியது என்பதால் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும், நுரையீரலின் ஆழத்துக்குப் போகாது. இடிமழை அந்தப் பாதுகாப்பை உடைக்கிறது. மேகத்துக்குள் இழுக்கப்பட்ட துகள் ஈரத்தை உறிஞ்சி ஊதி வெடிக்கிறது. உள்ளே இருக்கும் நுண்ணிய மாவுத்துணுக்குகள் புயலின் முன் பாயும் குளிர்காற்றோடு தரைக்கு இறங்கி, மூச்சோடு நேரே நுரையீரலுக்குள் புகுந்துவிடுகின்றன. 2016 நவம்பர் 21 மாலை மெல்பனில் நடந்ததை ஆய்வாளர்கள் இப்படித்தான் விளக்குகிறார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு மூச்சுத்திணறலோடு வந்தவர்கள் வழக்கத்தைவிட 3,365 பேர் அதிகம். பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா இருந்ததில்லை, வசந்தகாலத் தும்மல் மட்டுமே இருந்தது. அன்று காரணமானது ரை புல்லின் மகரந்தம். மரங்களாலும் இது நேரும்: 2010இல் தென் இத்தாலியின் பார்லெத்தாவில் ஒலிவ மரம் பூத்திருந்த நாளில் பெய்த இடிமழை அதே வகையில் பலரை மருத்துவமனைக்கு அனுப்பியது.

மெல்பன் நிகழ்வு நமக்கு நேராகத் தொடர்புள்ளது. ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்தவர்களின் பங்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் 1 சதவீதமாக இருந்தது, அந்த நிகழ்வில் 10 சதவீதம் ஆனது. விக்டோரியா மாநிலத்தில் வாழும் ஈழத்தமிழ், தமிழகக் குடும்பங்கள் இதை மனதில் இருத்த வேண்டும். அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை இடிமழை ஆஸ்துமா முன்னெச்சரிக்கை நாள்தோறும் வெளியாகிறது. எச்சரிக்கை உயர்ந்த நாளில், புயலுக்கு முன் எழும் காற்று வீசும்போது வீட்டுக்குள் இருந்து சன்னல்களை அடைத்துக்கொள்வதும், இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதும் உயிர்காக்கும் செயல்கள். ‘எனக்கு வீசிங் கிடையாது, சும்மா தும்மல்தான்’ என்பவர்களும் இதில் அடக்கம்.

வெப்பமாகும் உலகில் இவை எப்படி மாறும்? வட அமெரிக்காவின் 60 நிலையங்களில் 1990 முதல் 2018 வரை சேர்ந்த தரவுகளை வில்லியம் ஆண்டரெக் குழுவினர் 2021இல் ஆராய்ந்தார்கள். மகரந்தப் பருவம் 20 நாள் முன்னே வந்திருந்தது, 8 நாள் நீண்டிருந்தது, மொத்த மகரந்தம் 21 சதவீதம் கூடியிருந்தது. கூடுதலில் மரங்களின் பங்கு பெரிது. அந்த ஆய்வின் உட்பகுதி தலைப்புச் செய்திகளில் வருவதில்லை: பருவம் நீண்டதில் சுமார் பாதிக்குப் பருவநிலை மாற்றம் காரணம் என்றும், மகரந்த அளவு கூடியதில் அதன் பங்கு சுமார் 8 சதவீதமே என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். காற்றில் கரியமில வாயு கூடுவதும் நேரடியாக வேலை செய்கிறது. வட கரோலினாவில் திறந்த காட்டில் அந்த வாயுவைக் கூட்டிச் செலுத்திய சோதனையில் பைன் மரங்கள் இளவயதிலேயே கூம்பு விட்டன, மகரந்தமும் மிகுதி. மீதியில் நகரம் எந்த மரத்தை நட்டது, அது என்ன வயதை எட்டியது என்பதற்குப் பங்குண்டு. ஜப்பான் கற்ற பாடமும் அதுதான். 2023இல் அந்நாட்டு அரசு இதை நாட்டின் சமூகப் பிரச்சினை என்று அறிவித்து, பத்து ஆண்டுகளில் மகரந்தம் பொழியும் சுகித் தோட்டங்களை ஐந்தில் ஒரு பங்கு குறைப்பது, முப்பது ஆண்டுகளில் மகரந்தத்தைப் பாதியாக்குவது என்று இலக்கு வைத்தது. 1992இல் தொயாமா மாகாணத்தில் மகரந்தமே இல்லாத சுகி ஒன்று கண்டறியப்பட்டது. அதன் வழித்தோன்றல்களும் குறைந்த மகரந்தம் தரும் வகைகளும் இப்போது வெட்டிய இடங்களில் நடப்படுகின்றன. நடுவதற்கு இருபது ஆண்டு, மகரந்தத்தைப் பாதியாக்குவதற்கே முப்பது ஆண்டு.

அதே சுகி இந்தியாவிலும் இருக்கிறது. டார்ஜிலிங் மலைச்சரிவுகளில் ‘தூபி’ என்ற பெயரில் ஆங்கிலேயர் காலத்திலிருந்து காடாக நிற்கிறது. தமிழகச் சமவெளி இதிலிருந்து வேறுபட்டது. நம் வேம்பும் புளியும் புங்கமும் பூவரசும் பூச்சிகளை நம்பிப் பூப்பவை. அவற்றின் மகரந்தம் ஒட்டும் தன்மை உடையது, தொலைதூரம் பறக்காது. ஓரின மரங்களே காடாக நிற்கும் வடதிசை நாடுகளைப் போல இங்கே ஒரே வாரத்தில் ஒரே மகரந்தம் வானத்தை நிறைப்பதில்லை. நம்மிடையே மூக்கடைப்புக்கும் இழுப்புக்கும் முதற்காரணம் ஈரமான வீடுகளில் பெருகும் தூசிப் பூச்சி. ‘கிளைமேட் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நாம் சொல்லும் பலவற்றின் பின்னால் மெத்தையும் தலையணையும் இருக்கின்றன.

ஆனால் இந்த நல்ல நிலையை நாமும் மரம் நட்டு மாற்றி வருகிறோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காக வந்த சீமைக் கருவேலம் இன்று இராமநாதபுரம் முதல் திருவள்ளூர் வரை வேலியோரமும் கண்மாயும் நிறைந்து நிற்கிறது. தேனீக்கள் மொய்த்தாலும் அதன் மகரந்தம் காற்றிலும் கலக்கிறது. அதற்கு ஒவ்வாமை கொண்டவர்களை இந்திய மருத்துவர்கள் பல பகுதிகளில் கண்டிருக்கிறார்கள். கடலோரம் வரிசை வரிசையாக நிற்கும் சவுக்கு முழுக்கக் காற்றையே நம்பும் மரம். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்த விரும்புகிறது. நான் முழுமனதோடு வரவேற்கும் இலக்கு இது. எத்தனை கன்று என்பதோடு எந்தக் கன்று என்பதையும் இப்போதே கேட்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். காற்றில் மகரந்தத்தைப் பறக்கவிடும் ஒரே இனத்தைப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அருகே அடர்த்தியாக நடாமல், பூச்சிகளை நம்பும் நாட்டு மரங்களைக் கலந்து நட்டால் செலவு கூடப்போவதில்லை.

எண்ணிப் பார்க்கவும் வேண்டும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஜே. எம். ஹிர்ஸ்ட் 1952இல் வடிவமைத்த பொறியின் இன்றைய வடிவம், மனிதர் மூச்சுவிடும் அளவில் நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை இழுத்து, மெதுவாகச் சுழலும் பசை நாடாவில் துகள்களைப் பதிக்கும். ஏழு நாள் நாடாவை நுண்ணோக்கியில் வைத்து மணிவாரியாக எண்ணலாம். உலகின் பெரும்பாலான மகரந்தக் கணக்குகள் இன்றும் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன. சண்டிகர் நகருக்கு அங்குள்ள ஆய்வாளர்கள் மகரந்த நாட்காட்டியே தயாரித்திருக்கிறார்கள். சென்னை, மதுரை, கோவை, யாழ்ப்பாணம் ஆகிய ஊர்களில் தாவரவியல் துறைகளும் மருத்துவக் கல்லூரிகளும் வானிலை நிலையங்களும் இருக்கின்றன. கல்லூரி மொட்டைமாடியில் ஒரு பொறியை வைத்து, மாணவர்கள் எண்ணும் துகள் கணக்கை அதே நாளின் மழை, காற்று, வெப்பக் கணக்கோடும், அந்த வாரம் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கையோடும் பொருத்திப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டுக்குப் பின் வரும் மாசி பங்குனியில் எது பூக்கிறது, எவ்வளவு பறக்கிறது, யாருக்கு மூச்சு முட்டுகிறது என்பதற்கு அப்போது ஊர்வாரியாக விடை கிடைக்கும்.